மைதானத்தை விட்டபின் காணித் தொழிலா? மருமகனுக்கு என்ன சொல்வது?

தலவாக்கலை ஓட்டக்காரன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். என் அக்காவின் மகன் சென்ற ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தான். பாடசாலை நாட்களில் 1500 மீற்றர் ஓட்டத்தில் மாகாண மட்டம் வரை போய் வந்தவன். அவனுக்கு இருபது வருடங்களுக்கு முன்னால் அதே மைதானத்தில் ஓடியவன் நான் என்பதால், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றும் அவனை 'ஓட்டக்காரர் மருமகன்' என்றுதான் அழைக்கிறார்கள். இப்போது அவன் ரியல் எஸ்டேட் தொழிலில் இறங்கப் போவதாகவும், அதில் காலூன்றிய பிறகு ஊர்ப் பொதுவேலைக்கு வரப் போவதாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அமெரிக்காவில் கல்லூரி அணிகளில் விளையாடிய பலர் அவ்வாறுதான் தலையெடுத்தார்கள் என்பது அவனுடைய வாதம். நான் பன்னிரண்டு வருடங்களாக ஹட்டன் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் சிறிய ஒப்பந்தக்காரன். ஆகவே என்னிடமே தொழில் பழக வருகிறேன் என்கிறான்.

அவன் காட்டிய உதாரணம் ரொஜர் ஸ்டோபாக் என்பவர். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் உதைபந்து அணியில் (அவர்கள் உதைபந்து என்று சொன்னாலும் பெரும்பாலும் பந்தைக் கையில் ஏந்தித்தான் ஓடுகிறார்கள்) விளையாடி, 1963இல் அந்நாட்டுக் கல்லூரி வீரருக்கான மிக உயர்ந்த ஹைஸ்மன் விருதைப் பெற்றவர். படிப்பு முடிந்ததும் கடற்படைச் சேவை. அதில் ஒரு பகுதி வியட்நாமில் கழிந்தது. டலஸ் கவ்போய்ஸ் என்ற தொழில்முறை அணியில் 1969இல் புதியவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 27. மனைவி, பிள்ளைகள் என்று குடும்பம் வந்துவிட்டிருந்த நேரம் என்பதால், போட்டிகள் இல்லாத மாதங்களில் அந்நகரத்துக் காணி, கட்டடத் தரகு நிறுவனம் ஒன்றில் வேலை பழகினார். 1977இல், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். 2008இல் அந்த நிறுவனம் சுமார் 613 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது.

மருமகன் அந்தத் தொகையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறான். நான் நின்று யோசித்த இடம் வேறு. ஸ்டோபாக்கின் நிறுவனம் கட்டடச் சொந்தக்காரர்களுக்காகப் பேரம் பேசுவதைத் தன் முதன்மைத் தொழிலாக வைத்துக்கொள்ளாமல், இடம் தேடும் வாடகைக்காரர்களின் பக்கம் உட்கார்ந்து, அவர்களுக்காகக் குத்தகைப் பத்திரத்தை வாசித்து, அவர்களுக்காகப் பேசியது. நம்முடைய மலையில் அப்படி ஒரு பக்கத்தில் உட்கார ஆள் உண்டா என்று கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை.

அவனைச் சேர்த்துக்கொள்ளவா, வேறு வழி காட்டவா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை டீச்சர்

அண்ணா, முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துவிட்டுப் போகலாம். நம் நாட்டில் 'கல்லூரி' என்ற பெயர்ப்பலகையின் கீழ் முதலாம் வகுப்புப் பிள்ளையும் படிக்கிறது. முத்தையா முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பந்து வீசினார் என்று சொல்லும்போது நாம் பாடசாலைப் பையன் ஒருவனைத்தான் நினைக்கிறோம். அமெரிக்கர்கள் கல்லூரி வீரர் என்று சொல்வது பல்கலைக்கழக மாணவனை. அவர்களில் பலர் விளையாட்டினால் கிடைத்த புலமைப்பரிசிலில் பட்டப்படிப்புப் படிக்கிறார்கள். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கத்தின் கணக்கின்படி கல்லூரி வீரர்களில் தொழில்முறை விளையாட்டுக்குப் போகிறவர்கள் 100 பேரில் 2 பேர் கூட இல்லை. மீதமுள்ளவர்கள் அனைவரும் வேறு தொழில் தேட வேண்டியவர்களே. அப்படித் தேடும்போது அவர்களிடம் ஒரு பட்டம் இருக்கிறது, பழைய மாணவர் வட்டம் இருக்கிறது, அந்த வட்டத்தில் வங்கி மேலாளரும் சட்டத்தரணியும் இருக்கிறார்கள். நம்முடைய மாகாண மட்ட வீரனிடம் ஒரு சான்றிதழும், லயத்துச் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுச்) சுவரில் தொங்கும் ஒரு பதக்கமும்தான் இருக்கின்றன. மருமகனிடம் இந்த வித்தியாசத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

அவனுக்கு நான் காட்டக்கூடியவர் டேவ் பிங். சிரகூஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர். 1966இல் டிட்ரொயிட் பிஸ்டன்ஸ் அணிக்குப் போனார். ஆட்டம் இல்லாத மாதங்களில் அந்நகரத்து வங்கி ஒன்றில் வேலை பார்த்தார். புகழ் பெற்ற ஆட்டக்காரர் வங்கியில் உட்கார்ந்து கடன் விண்ணப்பம் எப்படிப் போகிறது என்று படித்ததை நினைத்துப் பாருங்கள். ஓய்வுபெற்ற பிறகு 1980இல் சிறியதோர் உருக்கு நிறுவனத்தைத் தொடங்கினார். காணி வேலைக்கு அடுத்த வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் 2009இல் அந்நகரத்தின் மேயரும் ஆனார். ஸ்டோபாக்கும் சரி, இவரும் சரி, பெயரைக் கொண்டுபோய் நேராகக் கல்லாவில் வைக்கவில்லை. பிறரிடம் கைகட்டி நின்று வேலை கற்றார்கள்.

லயம் எண் 7

டீச்சர் சொன்னது சரிதான், ஆனால் இரண்டு பேரும் அடித்தளத்தை விட்டுவிட்டுக் கூரையைப் பற்றிப் பேசுகிறீர்கள். காணித் தொழில் செய்ய வேண்டுமென்றால் வாங்கவோ விற்கவோ ஈடு வைக்கவோ கூடிய காணி இருக்க வேண்டும். 200 வருடமாக இந்த மலையில் இருக்கும் சனத்திடம் அது எங்கே இருக்கிறது?

1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடியும் தனியார் கம்பனிகளிடம் போனது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, உழைப்பு எங்களுடையது. இந்த மூன்று கைமாற்றங்களிலும், காம்பிராவில் (லயத்தின் ஒற்றை அறையில்) குடியிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 10 அடிக்கு 12 அடி காம்பிராவில் நாலு தலைமுறை பிறந்து வளர்ந்திருக்கிறது. அந்தக் காம்பிராவுக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) கிடையாது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற பயம் இன்றும் பல டிவிஷன்களில் போகவில்லை.

2015க்குப் பிறகு 7 பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 25 சதுர மீற்றர்) காணியும் தனிவீடும் என்று கொடுக்கத் தொடங்கினார்கள். இந்திய வீட்டுத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். நான் நன்றி கெட்டவன் அல்லன். வீடு கிடைத்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் அப்பாவுக்குக் கிடைத்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு, தங்கையின் தையல் கடைக்காகக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். அங்கிருந்த அலுவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதை வைத்து ஈடு எழுத முடியாது, பதிவான உறுதி வேண்டும்' என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பத்திரம் இப்போது பொலித்தீன் உறையில் சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறது. தம்பி எந்தக் காணியை விற்கப் போகிறார்?

கண்டி நில அளவையாளர்

லயம் எண் 7 அவர்களின் கோபம் நியாயமானது. எனினும் எல்லாக் கதவும் மூடியிருப்பதாக நான் நினைக்கவில்லை. நகரத்தை ஒட்டிய தனியார் காணிகள் உண்டு, பழைய கிராமக் காணிகள் உண்டு. ஆசிரியர்களும் கடைக்காரர்களும் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களும் அவற்றை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வாங்குதலில் அவர்கள் ஏமாறும் விதத்தை முப்பது வருடமாகப் பார்த்துவருகிறேன்.

பெரும்பாலானோர் முதலில் முற்பணம் கொடுக்கிறார்கள், பிறகு காணியைப் பார்க்கிறார்கள், கடைசியில்தான் பத்திரத்தைக் கேட்கிறார்கள். இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்க வேண்டும். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்குரிய பதிவுகளை எடுத்து, உறுதி கை மாறிவந்த சங்கிலி எங்கேயும் அறுந்திருக்கிறதா என்று சட்டத்தரணி ஒருவர் பார்க்க வேண்டும். விற்பவருக்கு நான்கு சகோதரர்கள் இருந்து மூவர் மட்டுமே ஒப்பமிட்டிருந்தால், அந்த நான்காவது சகோதரர் பத்து வருடம் கழித்து நிச்சயமாக வந்து நிற்பார். நில அளவைப் படத்திலுள்ள எல்லைக் கல் தரையிலும் இருக்கிறதா, வீட்டுக்குப் போகும் பாதை படத்தில் பாதையாகவே காட்டப்பட்டிருக்கிறதா, அல்லது பக்கத்து வளவுக்காரர் 'போய்க்கொள்ளுங்கள்' என்று வாய்மொழியாக விட்ட வழியா என்பதையும் பார்க்க வேண்டும். பாதை இல்லாத 20 பேர்ச்சை விடப் பாதை உள்ள 8 பேர்ச் மேலானது. உறுதி எழுதும்போது முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும் ஆகும் என்பது கூடத் தெரியாமல் கடைசி நாளில் கடன் வாங்கி ஓடியவர்களைக் கண்டிருக்கிறேன்.

தேயிலைக் காணியைத் துண்டு போட்டு விற்கிறோம் என்று யாராவது வந்தால், அதற்குரிய அனுமதியை எழுத்தில் கேளுங்கள். அதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு.

அடுத்தது மண். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி உட்படப் பல மாவட்டங்கள் மண்சரிவு அபாய மாவட்டங்கள். அபாயப் பகுதியில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெற வேண்டும். அதை ஒரு தடையாகக் கருதும் ஒப்பந்தக்காரர்கள் இந்த இழையிலும் இருக்கலாம்.

தலவாக்கலை ஓட்டக்காரன்

சேர், அந்தக் கடைசி வாக்கியம் என்னைத்தான் தேடி வந்தது போல இருக்கிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் ஓர் ஆசிரியர் குடும்பத்துக்காக மலைச்சரிவில் வீடு கட்டினேன். சமதரை போதவில்லை என்று பின்பக்கத்தைப் பன்னிரண்டு அடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டினோம். அறிக்கை எடுக்க மாதங்கள் போகும், பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்குவதற்குள் குடிபோக வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், நானும் தலையாட்டினேன். தாங்கு மதில் கட்டினேன். ஆனால் அதில் தண்ணீர் வடிவதற்கு விட வேண்டிய துளைகளைச் சரியாக விடவில்லை. பின்னால் சல்லிக்கல்லும் நிரப்பவில்லை. வெட்டிய மண்ணை அப்படியே தள்ளி மூடினோம். ஐப்பசி மழையில் மூன்று நாள் மண் தண்ணீரைக் குடித்தது. நாலாம் நாள் விடியப்புறம் இரண்டு மணிக்கு மதிலோடு சேர்ந்து மண் சமையலறைக்குள் வந்தது. எல்லோரும் முன்னறையில் படுத்திருந்ததால் உயிர் தப்பினார்கள். அந்த மதிலை என் செலவில் திரும்பக் கட்டிக் கொடுக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. குற்றம் முழுவதும் என்னுடையது. அவர்கள் அவசரப்பட்டார்கள் என்பதால் அது பாதியாகக் குறைந்துவிடாது, ஏனென்றால் மண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மலையை ஒரே வெட்டாக வெட்டுவதில்லை. படிப் படியாக இறக்குகிறேன், மேலிருந்து வரும் தண்ணீருக்கு முதலில் கான் (வடிகால்) வெட்டுகிறேன், அத்திவாரம் பிறகுதான். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100க்கு எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்ற அளவுகளை வீடு ஒப்படைக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். சிலர் அபசகுனம் என்று அதை வாங்குவதில்லை.

டொரொண்டோவில் ஒரு ஹட்டன்காரர்

நான் இருக்கும் பக்கம் கூடைப்பந்தைப் பின்தொடர்பவன் என்பதால் ஒரு பெயரைச் சேர்க்கிறேன். மெஜிக் ஜோன்சன், மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்துக்கு 1979இல் வாகை சூடிக் கொடுத்துவிட்டு லேக்கர்ஸ் அணிக்குப் போனவர். 1995இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழும் கிரென்ஷோ பகுதியில் திரையரங்கு ஒன்றைத் திறந்தார். பெரிய முதலாளிகள் ஆபத்து என்று ஒதுக்கிய இடம் அது. 1998இல் ஸ்டார்பக்ஸ் கம்பனியோடு கூட்டுச் சேர்ந்து அதே மாதிரிப் பகுதிகளில் கோப்பிக் கடைகள் திறந்தார். அந்தச் சனம் விரும்பிச் சாப்பிடும், வத்தாளைக் கிழங்கில் செய்த 'பை' (pie) என்ற இனிப்புப் பலகாரம் அங்கே கிடைத்தது. 2010இல் 105 கடைகளில் தமக்கிருந்த பங்கைத் திருப்பி விற்றார். ஒதுக்கப்பட்ட இடத்துக்குள் போய் அங்குள்ள சனத்தை வாங்குபவர்களாக மதித்ததுதான் அவருடைய மூலதனம். தோட்டத்துச் சனத்தை அப்படிப் பார்க்கும் தொழில்காரர் நம் ஊரில் யார்? சீட்டுப் பிடிப்பவரும் தவணைக்குத் துணி விற்பவரும்தான் இன்றுவரை வாசலுக்கு வந்திருக்கிறார்கள்.

லயம் எண் 7

ஹட்டன்காரர் ஐயா, கிரென்ஷோவில் கடை திறந்தவர் அந்தக் கட்டடத்துக்கு முறையான பத்திரம் எழுதிக்கொள்ள முடிந்தது. அந்த இடத்தை நான் விடப் போவதில்லை.

மருமகன் பொதுவேலைக்கும் வர நினைக்கிறார் என்பதால் அதைப் பற்றியும் ஒன்று. டீச்சர் டேவ் பிங் மேயரான வரைக்கும் சொல்லி நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். அவர் பதவியில் இருக்கும்போதே, 2013 மார்ச்சில் மாநில அரசு டிட்ரொயிட்டின் நிதியைக் கவனிக்க அவசர முகாமையாளர் ஒருவரை நியமித்தது. ஜூலையில் அந்நகரம் வங்குரோத்து மனுவைத் தாக்கல் செய்தது. மறுதேர்தலில் பிங் நிற்கவில்லை. நகரம் பல பத்தாண்டுகளாகச் சரிந்துகொண்டிருந்தது, அது அவர் ஒருவரின் பிழை ஆகாது. ஆனாலும் தொழிலில் வென்றவர் ஊரையும் காப்பாற்றிவிடுவார் என்ற நம்பிக்கைக்கு அது நல்ல மருந்து.

நம்முடைய இடத்தில் பதவிக்கு வருபவரின் கை எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதையும் தம்பி படிக்கட்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் இருக்கும் வீதிக்கோ குடியிருப்புக்கோ சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். தோட்டத்துச் சனம் வாக்குப் போட்டது, அவர்களுடைய உறுப்பினரும் சபைக்குப் போனார், ஆனால் அவரால் தான் பிறந்த லயத்துக்கு ஒரு கானும் கட்டிக் கொடுக்க முடியவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலையொட்டித்தான் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன. சட்டம் மாறிய பிறகும் பல உறுப்பினர்கள் கூரைத்தகரம் பங்கிடுவதையே பொதுவேலை என்று நினைத்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

பண்டாரவளை டீச்சர்

பிங்கின் பின்கதையை நான் வேண்டுமென்று மறைக்கவில்லை, தம்பி. பதிவு நீண்டுவிட்டது என்று நிறுத்தினேன். ஆனால் நீங்கள் சேர்த்தது நல்லது.

உறுதியைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள். அதில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அந்த வருமானத்தில் வீடு நடக்கிறது. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற இடம் வந்தவுடன் பேனா தானாகக் கணவன் பெயருக்குப் போகிறது. என் மாணவி ஒருத்தியின் தாய் இருபது வருடம் மலைக்குப் போய் உழைத்தவர். கணவன் விட்டுப் போன பிறகு, வீட்டுப் பத்திரத்தில் தன் பெயர் இல்லாததால் பிரதேச செயலகத்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். மருமகன் இந்தத் தொழிலுக்கு வருவாரானால், இரண்டு பேரின் பெயரையும் எழுதச் சொல்லி வாதாடப் பழகட்டும்.

கொஸ்லந்தைப் பக்கம்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் மீரியபெத்தைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் நேரத்தில், லயங்களின் மேல் மலை இறங்கியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். ஏன் போகவில்லை என்று பிறகு தொலைக்காட்சியில் கேட்டார்கள். போவதற்கு இன்னொரு காணி கொடுத்துவிட்டு அல்லவா அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்? தப்பியவர்களுக்கு வேறு தோட்டக் காணியில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டபோது ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஓட்டக்கார அண்ணா, உங்கள் மதில் கதையை எழுதியதற்கு நன்றி. அதை மருமகனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கண்டி நில அளவையாளர்

தங்கச்சி சொன்னதற்கு மேல் மண்ணைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தொழில் தொடர்பாக ஒரே ஒரு விடயத்தை மட்டும் சேர்க்கிறேன். லயம் எண் 7 அவர்களின் தந்தையாரிடம் இருக்கும் பத்திரத்தைப் போன்றவற்றை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அவற்றை முழுமையான உறுதியாக்குவதில் சட்டமும் அரசியலும் பெரிய தடைகள்தாம். ஆனால் அதற்கு முன்னாலேயே, கோப்பு மேசையை விட்டு நகராமல் போவதற்குக் காரணம் பல நேரங்களில் மிகச் சிறியது. பிறப்பத்தாட்சியில் 'ராமாயி', அடையாள அட்டையில் 'இராமாயி', தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) இன்னொரு பெயர். தகப்பனின் மரணச் சான்றிதழ் எடுக்கப்படவே இல்லை. அளவைப் படத்தில் துண்டு 14, வீட்டுக் கதவில் 41. இவற்றைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்பது அலுவலகத்திலும் தெளிவாக இல்லை, தோட்டத்திலும் இல்லை. மறுபடியும் காணி கொடுக்கும் நாள் வரும்போது ஆயத்தமாக இருக்கும் கோப்புகள்தாம் முதலில் நகரும். 7 பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர், 10 பேர்ச் என்றால் 253. எத்தனை பேர்ச் என்று மேடையில் விவாதிக்கிறார்கள். துண்டு எண் சரியா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

டொரொண்டோவில் ஒரு ஹட்டன்காரர்

சேர், நீங்கள் சொல்வது இழையின் முதல் பதிவில் இருந்த அந்த வேலைதான் அல்லவா? குடியிருப்பவரின் பக்கம் உட்கார்ந்து பத்திரத்தை வாசிப்பவர்.

லயம் எண் 7

இதற்குக் கூலி யார் கொடுப்பார்? சும்மா செய்தால் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடுவார், காசு கேட்டால் தரகர் என்பார்கள். அமெரிக்காவில் வாடகைக்காரர் பெரிய கம்பனி. நம்முடைய வாடகைக்காரர் நாட்சம்பளக்காரர்.

கேள்வியைக் கேட்டேனே தவிர, யோசனை பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் பத்திரத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

தலவாக்கலை ஓட்டக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமையாக மருமகனோடு உட்கார்ந்து இந்த இழையை முதலிலிருந்து வாசித்தோம். மதில் கதையை அவனே சத்தமாக வாசித்தான். அந்த வீட்டைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

லயம் எண் 7 கேட்ட கூலிக் கணக்கைத்தான் நாங்கள் அதிகம் பேசினோம். கடைசியில் இப்படி முடிவு செய்திருக்கிறோம். வாரத்தில் நாலு நாள் அவன் என்னிடம் வேலை செய்வான். அதற்குச் சம்பளம் உண்டு, வேலை மண் வெட்டுவதிலிருந்து தொடங்கும். மீதி நாட்களில் கண்டியில் நில அளவை, காணிச் சட்டம் சார்ந்த பாடநெறி ஒன்றில் சேர முடியுமா என்று பார்க்கிறான். பட்டம் இல்லாத வீரனுக்கு அந்த வட்டம் இல்லை என்று டீச்சர் எழுதியது அவனைக் குத்தியிருக்கிறது, நல்ல விதமாக. நகரப் பக்கம் காணி வாங்குபவர்களுக்குப் பத்திரம் பார்த்துக் கொடுக்கும் வேலைக்குக் கட்டணம் வாங்குவோம். அந்த வரவில்தான் தோட்டத்துக் கோப்பு வேலை நடக்கும். தோட்டத்தில் யாரிடமும் காசு வாங்குவதில்லை, கட்சிக்காரர் யாரையும் கூட்டி வருவதில்லை. பொதுவேலை, பதவி என்ற பேச்சை ஐந்து வருடத்துக்கு எடுக்கக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் டிவிஷனில் தொடங்கிவிட்டான். ஒரே லயத்தில் 22 குடும்பங்கள். பிரட்டுக்களத்துப் (காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துப்) பக்கம் மேசை போட்டு ஒவ்வொருவருடைய தாள்களையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதினான். 9 குடும்பங்களில் பெயர் ஒத்துப்போகவில்லை. 4 வீடுகளில் மரணச் சான்றிதழ் இல்லை. 1 வீட்டில் பத்திரத்தையே கறையான் அரித்துவிட்டது. பதிவு எண் இருக்கும் மூலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. பத்திரம் உள்ளவர்களில் மனைவியின் பெயர் சேர்ந்திருந்தது இரண்டே இரண்டில்.

கண்டி சேர், அந்தக் கறையான் அரித்த பத்திரத்தின் மூலையைப் படம் பிடித்து உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அந்த எண்ணை வைத்துப் பிரதி எடுக்க முதலில் பிரதேச செயலகத்துக்குப் போவதா, காணிப் பதிவகத்துக்கா? அடுத்த போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் நீங்கள் வீட்டில் இருப்பீர்களானால் அவனைக் கொப்பியோடு அனுப்புகிறேன். லயம் எண் 7 தம்பி, உங்கள் அப்பாவின் பத்திரத்தையும் அன்றைக்கே எடுத்துக்கொண்டு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு ஆறரை மணிக்கு வந்துவிட்டால் இருவரும் ஒரே பஸ்ஸில் போய்வரலாம்.